பனி வழியும் மாரி வழியும்

துவிச்சக்கரவண்டி, மிதிவண்டி, ஈருருளி, சைக்கிள் எனப் பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே. நம்மவர் விண்ணப்பப் பத்திரத்திலும் பொலிஸ் முறைப்பாட்டிலும் துவிச்சக்கரவண்டி என்று எழுதுவர். பேச்சிலே சைக்கிள் என்பர். அதில் ஏறிச் செல்வதை 'ஓட்டுதல்' என்னாது 'ஓடுதல்' என்பதும் யாழ்ப்பாணத்து வழக்கு. "சைக்கிள் ஓடத் தெரியுமோ?" என்றே கேட்போம். ஓடுவது வண்டியா, அதன்மேல் இருப்பவரா என்ற வேற்றுமை தோன்றாதபடி அவ்விரண்டும் ஒன்றிப்போன வாழ்வு நம்முடையது.

நிலமும் அதற்கு இசைந்தது. குடாநாட்டிலே மலையில்லை, ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றமும் இல்லை. ஆண்டு முழுவதும் கையுறையோ கம்பளியோ வேண்டாத வெப்பநிலை. சோளகக் காற்று எதிர்த்து வீசும் மாதங்களிலே சற்று மூச்சு வாங்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை நனைக்கும். பங்குனி சித்திரையில் நண்பகல் வெயில் தலையைச் சுடும். இவையன்றி வேறு இடரில்லை. ஆதலால் துவிச்சக்கரவண்டி நம் போன்ற மித வெப்ப நாட்டுக்கே உரியது, பனி மூடிய நாட்டுக்கு உரியதன்று என்றே எவரும் எண்ணுவர்.

வரலாறோ வேறொன்று கூறுகின்றது. இவ்வண்டியின் மூதாதையை 1817 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் ஓடிக் காட்டியவர் கார்ல் வொன் டிரைஸ் என்பவர். அதற்கு மிதி இல்லை. காலால் நிலத்தை உந்தியே செல்ல வேண்டும். 1815 இலே இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் பயனாக 1816 இலே ஐரோப்பாவுக்குக் கோடை வாராமலே போயிற்று. பயிர் பொய்த்தது, குதிரைக்குத் தீனி அரிதாயிற்று, அக்குறையே குதிரையில்லா வண்டியொன்றைத் தேடத் தூண்டியது என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்கருத்து உண்மையாயின், வெயிலுக்கு உரியது என்று நாம் எண்ணும் இவ்வண்டி ஒரு குளிர் ஆண்டின் பிள்ளையேயாம்.

இதனை நேரிலே ஆராயும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எம் தமக்கையாரின் ஒரே மகன் பின்லாந்து நாட்டின் ஓலு நகரப் பல்கலைக்கழகத்திலே வானொலித் தொடர்பாடல் துறையில் உயர்கல்வி பயில்கின்றான். பொத்னியா வளைகுடாவின் வடகரையை அண்டி, ஏறக்குறைய 65 பாகை வட அகலக்கோட்டிலே அமைந்தது அந்நகரம். இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கின்றனர். 2023 மார்கழித் தொடக்கம் முதல் 2024 தை நடுப்பகுதி வரை ஆறு வாரம் அவனுடன் தங்கினோம். மார்கழி நடுவிலே அங்கு பகல் மூன்றரை மணி நேரந்தான். பத்தரை மணியளவில் எழும் சூரியன் இரண்டு மணிக்கு மறைந்துவிடும்.

நாம் சென்றது ஊர் பார்க்க மட்டுமன்று. தமக்கையார் ஒரு பணியும் தந்து அனுப்பியிருந்தார். "தம்பி, நீ போய்ப் பார். அந்தச் சைக்கிளை விடச் சொல்லு. பஸ்ஸிலே போகட்டும்," என்பதே அப்பணி. அவர் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அத்தான் 2012 கார்த்திகையிலே ஒரு மாலைப்பொழுதில், துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பும் வழியிலே, விரைந்து வந்த வாகனம் ஒன்றினால் மோதுண்டு இறந்தார். அன்று பகல் முழுவதும் மழை. வீதியோரத்து வெள்ளம் வாய்க்காலையும் வீதியையும் ஒன்றாக்கியிருந்தது. ஓரம் எதுவெனத் தெரியாமையால் அவர் நடுவீதிப் பக்கமாக ஒதுங்கி ஓடினார் என்று கண்டோர் கூறினர். மருமகனுக்கு அப்போது வயது பதினான்கு. மழையிலே கணவனை இழந்த தாய், பனியிலே மகனை அனுப்ப அஞ்சுவது இயல்பேயன்றோ?

ஈண்டுச் சொல்லொன்றைப் பற்றியும் கூறல் வேண்டும். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாக வகுத்து, அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். அப்பனி புல் நுனியில் நிற்கும் பனி. விடியலிலே கோயிலுக்குச் செல்வோர் தலையிலே துணியிட்டு விலக்கும் பனி. வானிலிருந்து வெண்பஞ்சாக வீழ்ந்து முழங்கால் அளவு குவியும் பொருளுக்கும் நாம் அதே சொல்லை வழங்குகிறோம். தமக்கையார் தொலைபேசியிலே "பனி படாதே ராசா" என்று மகனுக்குச் சொல்லும்போது மனத்திற் கொண்டது மார்கழிப் பனியை. அவன் "சரி அம்மா" என்று விடை கூறிக்கொண்டே சாளரத்தின் வழியே நோக்கியது வேறொரு பனியை. ஒரு சொல்லின் இரு கரையிலே தாயும் மகனும் நின்றனர்.

சென்ற மூன்றாம் நாள், "ஒருக்கால் ஏறிப் பாருங்கோ, மாமா. பிறகு அம்மா சொன்னதைச் சொல்லுங்கோ," என்று அவன் எமக்கென இரவல் வண்டியொன்று கொண்டுவந்தான். அன்று பூச்சியத்துக்குக் கீழே 14 பாகை. நகர் நடுவிலிருந்து பல்கலைக்கழகம் அமைந்த லின்னன்மா வரை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அவ்வழி முழுவதும் துவிச்சக்கரவண்டிக்கும் நடப்போருக்கும் எனத் தனிப்பாதை உண்டு. பெருவீதியைக் கடக்க வேண்டிய இடங்களிலே பாதை வீதியின் கீழாக நுழைந்து மறுபுறம் ஏறுகின்றது. இத்தகைய பாதைகள் அந்நகரிலே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளன. அவை ஒரே நாளில் எழுந்தவையல்ல. 1970 களிலிருந்து நகரத்தார் சிறிது சிறிதாக இணைத்துவந்தவை.

பாதையைப் பேணும் முறைதான் எம் கண்ணைக் கவர்ந்தது. மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படுமுன், விடியற்காலை இருளிலேயே பனி வாரும் இயந்திரங்கள் வந்துபோய்விடுகின்றன. அவை பனியைத் தரை தெரிய வழித்தெடுப்பதில்லை. மெல்லிய படையொன்றை விட்டு அதனை இறுக்கி, மேற்பரப்பிலே கீறலிட்டுச் செல்கின்றன. உப்புத் தூவுவதில்லை, வேண்டிய இடத்திலே பொடிச் சல்லி தூவுவர். இறுகிய அவ்வெண்பனி நம் ஊரின் நன்கு மிதிபட்ட செம்மண் ஒழுங்கை போன்றது. ரயர் அதிலே நறநறவென்று பற்றிக்கொண்டு செல்கின்றது.

வண்டியும் பெரிதும் வேறுபட்டதன்று. சிலர் ரயரிலே சிறிய உலோக ஆணிகள் பதித்திருப்பர். பலர் சாதாரண ரயருடனேயே செல்வர். குளிரிலே காற்றின் அமுக்கம் குறையும் ஆதலால் ரயர் சற்றே தளர்ந்திருக்கும். தளர்ந்த ரயர் பனியிலே பரந்து பற்றுவதால் அதுவும் நன்மையே. கிறீஸ் தடித்துவிடும்; பிறேக் கம்பியில் ஈரம் புகுந்தால் உறைந்துவிடும்; பிறீவீல் சில வேளைகளிற் பற்றாமற் சுழலும். இவற்றை அறிந்தவர் வண்டியை ஈரமின்றி வைத்துக்கொள்வர். உடையைப் பற்றி மருமகன் கூறிய விதி ஒன்றே: புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும், குளிராவிட்டால் நடுவழியில் வியர்க்கும், வியர்த்தால் நிற்கும்போது உறையும். பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையிலே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் முகத்திலே 24 பாகைக் குளிர் போல உறைக்கும். ஆதலால் முகத்துக்கும் விரலுக்கும் காப்பு வேண்டும்; உடம்புக்கு மிதிப்பதே போதிய சூடு தரும்.

இன்னொரு செய்தி எமக்குப் பெருவியப்பளித்தது. கடுங்குளிரிலே வழுக்கல் குறைவு. பூச்சியத்தை அண்டி, உருகுவதும் உறைவதுமாக இருக்கும் மென்குளிரே மிகக் கொடியது. அப்போது பனிக்கட்டியின் மேலே மெல்லிய நீர்ப்படலம் நின்று எண்ணெய் போல வழுக்குகின்றது. ஒருநாள் பகலிலே பனி சற்றே உருகிப் பின் இறுகிற்று. மறுநாட் காலை ஒரு திருப்பத்திலே நாம் வண்டியோடு சாய்ந்து விழுந்தோம். முழங்கையிலே சிறு நோவன்றி வேறில்லை. அங்கு நீண்டகாலம் வாழ்வோரும் இருபது பாகைக் குளிரைக் கேட்டு மகிழ்ந்து, பூச்சியப் பாகையைக் கேட்டு முகஞ்சுளிப்பர். கடுமையான பகை வெளிப்படையாக நிற்கும். மென்மையான பகையே காலை வாரும் என்ற உலகியலும் அதனுள் அடங்கும்.

இருளையும் அவர்கள் இவ்வாறே எதிர்கொள்கின்றனர். பாதை நெடுக விளக்கு. 2020 ஆனி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, இருளிலே செல்லும் துவிச்சக்கரவண்டிக்கு முன்னே வெள்ளொளியும் பின்னே செவ்வொளியும் இருத்தல் வேண்டும். நடப்போர்கூட ஒளி தெறிக்கும் சிறு தகடொன்றைச் சட்டையிலே தொங்கவிடுகின்றனர். ஒருநாட் காலை, பொழுது விடியுமுன், பாடசாலையொன்றின் பக்கமாகச் சென்றோம். ஆசிரியன் கால் பாடசாலையைக் கண்டால் தானாகவே நிற்குமன்றோ? ஏழெட்டு வயதுச் சிறுவரும் சிறுமியரும் தனியாகவும் கூட்டமாகவும் இருளினூடே சின்னஞ்சிறு விளக்குகளாக வந்துகொண்டிருந்தனர். முற்றத்திலே நூற்றுக்கணக்கான வண்டிகள் பனித்தொப்பியணிந்து வரிசையாக நின்றன. பெற்றோர் எவரும் உடன் வரவில்லை. அந்நகரின் மெற்சொகங்காஸ் என்னும் பகுதிப் பாடசாலையிலே, 17 பாகைக் குளிர் நிலவிய ஒரு நாளிலும் 1200 மாணவருள் ஏறத்தாழ 1000 பேர் துவிச்சக்கரவண்டியில் வந்தனர் என்று கூறக் கேட்டபோது, கண்ணாற் கண்ட எமக்கு ஐயம் எழவில்லை. குளிர்கால ஓட்டத்தை ஆராயும் உலக மாநாடு முதன்முதலாக 2013 இலே இந்நகரிலேயே கூடியது பொருத்தமே.

பனிநாட்டு ஓட்டம் முழுவதும் இன்பமென்று கூற வரவில்லை. 2024 தை 5 ஆம் திகதி பின்லாந்தின் வடபால் எனொந்தெக்கியோவிலே பூச்சியத்துக்குக் கீழே 44.3 பாகை பதிவாயிற்று. அவ்வாரம் ஓலுவிலும் குளிர் மிகக் கடுமையாக இருந்தமையால் நாம் வீட்டை விட்டு அசையவில்லை. சாளரத்தின் வழியே நோக்கியபோது பாதையிலே வண்டிகள் குறைந்திருந்தன, அற்றுப்போகவில்லை. ஆணி பதித்த ரயர் விலை மிகுந்தது. மேலும், ஒளியற்ற அந்நெடும் பொழுதுகள் உள்ளத்தைச் சோர்வுறச் செய்யும். வேட்டியும் செருப்புமாக ஏறி, ஒரு கையால் வண்டியைப் பிடித்து மறுகையால் நண்பரின் தோளைத் தொட்டுக் கதை பேசிக்கொண்டு செல்லும் நம் மாலை ஓட்டம் அங்கு கனவிலும் இல்லை. வாயைத் திறந்தால் குளிர் உள்ளே புகும். வேப்பமர நிழலிலே வண்டியைச் சாய்த்துவிட்டு இளைப்பாறும் சுகத்தை எந்தக் கம்பளியும் தராது. இயற்கை நமக்கு அளித்த கொடை பெரிது என்பதிலே ஐயமில்லை.

அக்கொடையை நாம் எவ்வாறு பேணினோம்? போர்க்காலத்திலே, 1990 முதல் எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில், குடாநாடு முழுவதையும் தாங்கியது துவிச்சக்கரவண்டியே. நோயாளியைச் சுமந்ததும், விறகு சுமந்ததும், மின்சாரமற்ற இரவுகளிலே டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்பித்ததும் அதுவே. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, பதினேழு வயதினராகிய நாம் பாட்டியாரைக் கரியரில் இருத்தி வண்டியை உருட்டிக்கொண்டே சென்றோம். ஓட இடமில்லை, உருட்டவே முடிந்தது. 2022 இலே எரிபொருள் அரிதானபோதும் மூலையிற் கிடந்த வண்டிகளையே தூசி தட்டினோம். வரிசைகள் மறைந்தவுடன் அவை மீண்டும் மூலைக்குச் சென்றன. பஞ்சத்திலே உதவியவனைச் செல்வத்திலே மறக்கும் இயல்பு இது. ஓலு நகரிலோ பேராசிரியரும் துவிச்சக்கரவண்டியில் வருகின்றார். அதனை அங்கே எவரும் வறுமையின் அடையாளமாகக் கருதுவதில்லை.

2009 இலே போர் ஓய்ந்தபின் நம் வீதிகள் காப்பெற் வீதிகளாயின. வாகனம் விரைய வழி பிறந்தது. மிதித்துச் செல்வோருக்கு ஓரம் பிறக்கவில்லை. மாரியிலே வெள்ளவாய்க்கால் அடைபட்டால் உள்ள ஓரமும் நீருள் மறையும். கடையிலே வாங்கும் புது வண்டி பலவற்றுக்கு விளக்கில்லை. மாலை வகுப்பு முடிந்து நம் பிள்ளைகள் இருளிலே இருளாக வருகின்றனர். பனி பெய்யும் நாட்டார், கவனியாவிட்டால் ஒருநாளும் வெளியே செல்ல முடியாது என்பதை அறிந்து நாள்தோறும் பாதையைக் கவனிக்கின்றனர். டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனிலே மோட்டார் வீதிக்கு முன்னதாகவே துவிச்சக்கரவண்டிப் பாதையின் பனியை அகற்றுவர். நமக்கோ ஆண்டிலே ஒன்பது மாதம் கவனியாமலே ஓடிவிடுகின்றது. அந்த ஒன்பது மாதச் சுகமே மற்றை மூன்று மாதத்துக்கும் நம்மை உறங்கச் செய்கின்றது. அத்தானைக் கொன்றது மழையன்று. மழை வரும் என்பது ஆண்டுதோறும் அறிந்ததே. வருமுன் வாய்க்காலைத் துப்புரவு செய்யாமையும், மிதிப்போருக்கென ஒரு முழ ஓரம் விடாமையுமே அவ்வீதியில் நின்ற யமன்கள்.

ஊர் திரும்பியதும் தமக்கையாரிடம் சென்றோம். "சொன்னாயோ?" என்றார். "அக்கா, அவன் ஓடும் பாதையிலே லொறியும் வராது, பஸ்ஸும் வராது," என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "இரவிலேயும் வெளிச்சம் இருக்குமோ?" என்று கேட்டார். "பாதை முழுக்க இருக்கும்," என்றோம். "அப்படியென்றால் ஓடட்டும்," என்று கூறிவிட்டு எழுந்து உள்ளே சென்றார். மருமகன் எம்மிடம் இரண்டு சிறு விளக்குகள் தந்திருந்தான். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. "அப்பாவின் சைக்கிளுக்கு" என்று மட்டும் சொன்னான். அவ்வண்டி பதினோராண்டாக வீட்டுத் தாழ்வாரத்திலே சாத்தியபடி நின்றது. தமக்கையார் அதனைத் திருத்தக்காரரிடம் அனுப்பி, ரயரும் ரியூபும் மாற்றி, விளக்கிரண்டையும் பூட்டுவித்தார். மாலை வகுப்புக்கு நடந்து செல்லும் அயல்வீட்டுச் சிறுமியிடம் அதனைக் கொடுத்துவிட்டார். இன்று அவள்தான் அதிலே ஓடுகின்றாள்.

பழைய மாணவர் பலர் இன்று பனி பொழியும் நாடுகளிலே வாழ்கின்றனர். மிதிப்போரின் பாதையை அங்கே எவ்வாறு பேணுகின்றனர் என்பதை நம்மினும் அவர்கள் நன்கறிவர். விழாக்காலங்களிலே மண்டபமும் வாயில் வளைவும் எழுப்பும் கைகள் இரண்டு சிறு பணியையும் மேற்கொள்ளுமாயின் பெரும் பயன் விளையும். ஒன்று, துவிச்சக்கரவண்டியில் வரும் ஒவ்வொரு மாணவருக்கும் முன்விளக்கும் பின்விளக்கும் அளித்தல். மற்றொன்று, ஐப்பசி பிறக்குமுன் கல்லூரியைச் சூழ ஒரு மைல் அளவிலுள்ள வெள்ளவாய்க்கால்களைத் துப்புரவு செய்விக்க ஊராட்சியாரை ஆண்டுதோறும் தூண்டி, வேண்டின் தாமும் மண்வெட்டியோடு நிற்றல். இவற்றுக்குக் கல்வெட்டு நாட்ட இயலாது. ஆயினும் மாரிக்கால மாலையொன்றிலே பிள்ளை வீடு வந்து சேரும் ஓசையைக் கேட்கும் தாய்மார் அப்பணியின் அருமையை அறிவர்.